ஐபேடா, ஆண்ட்ராய்டா?

கேள்வி: கல்லூரிப் பாடம் படிக்க, குறிப்பெழுத டேப்லெட் வாங்கப் போகிறேன். ஐபேடா, ஆண்ட்ராய்டா?

பதில்: மாப்பிள்ளை பார்க்கிற மாதிரிதான்; நிறத்தில் மயங்காமல், எத்தனை வருஷம் கூட வருவார் என்று விசாரியுங்கள். 2019-இல் வந்த ஏழாம் தலைமுறை ஐபேடுக்கு 2024-இல்கூட ஐபேட்ஓஎஸ் 18 என்ற மென்பொருள் அப்டேட் கிடைத்தது. மலிவான ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் பலவற்றுக்கு அந்த ஆயுள் இல்லை. ஆனால் ஐபேடில் மெமரி கார்டு போட இடமே கிடையாது; ஆண்ட்ராய்டில் பல மாடல்களில் உண்டு. பாட வீடியோக்களைச் சேர்த்து வைப்பவருக்கு அது பெரிய லாபம். ஆண்ட்ராய்டுதான் என்றால் 8 ஜிபி ராம் கேளுங்கள், பிறகு கூட்ட முடியாது. கையால் எழுதப் போகிறீர்களே, பேனாவின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஆப்பிள் பென்சில் தனி விலை. சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்9-இல் எஸ் பென் பெட்டியிலேயே வரும்.