கடல் தாண்டி வந்த படம்

கொடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் எழும்புவதற்கு முன்னால், விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் டிவி வாங்கிய வீடுகளில் ஆன்டெனா சென்னையைப் பார்த்து நிற்காது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டது என்றாலும் அதன் அலை எங்கள் கரிசல் காட்டை எட்டவில்லை. எங்கள் ஆன்டெனாக்கள் தென்கிழக்கே, இலங்கையைப் பார்த்து நின்றன. 1982 பிப்ரவரியில் ஜப்பானின் உதவியோடு தொடங்கிய ரூபவாஹினி, பிதுருதலாகல மலையுச்சியிலிருந்து அனுப்பிய படம் கடலைத் தாண்டி நானூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து எங்கள் தெருவில் இறங்கியது. கடலுக்கு மேலே வெப்பக் காற்றும் ஈரக் காற்றும் அடுக்கடுக்காக நிற்கிற இரவுகளில் அலை வளைந்து நெடுந்தூரம் ஓடும். அந்த அடுக்கு கலைந்துவிட்டால் திரை முழுக்கப் புள்ளிகள்தான்.

இன்று என் அம்மா கேட்கிற பாட்டு, திருத்தங்கல் வீட்டின் பின்னறையில் ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. அம்மா உட்கார்ந்திருப்பது முன்னறையில். நடுவே இரண்டு சுவர், ஓர் இரும்பு பீரோ. அவ்வளவு தூரத்தைத் தாண்ட முடியாமல் படம் பாதியில் நிற்கிறது, திரை நடுவில் வட்டம் சுற்றுகிறது. கடல் தாண்டி வந்த படத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது சும்மா விட்டுவிடக் கூடிய விஷயமாகப் படவில்லை.

அந்தக் காலத்தில் படம் கெட்டால் சரிசெய்வதற்கு ஒரு வரிசை இருந்தது. மொட்டை மாடியில் குழாயைப் பிடித்துத் திருப்ப மாமா. முற்றத்தில் நின்று கேட்டதைக் கேட்டபடி மேலே சொல்ல நான். பெட்டிக்கு முன்னால் அக்கா.

"வந்துருச்சா?"

"முகம் தெரியுது மாமா, சத்தம் வரலை!"

"இப்ப?"

"ஒரு ஆளு ரெண்டு ஆளாத் தெரியுது!"

ரெண்டு ஆளாகத் தெரிந்தால் அலை எதிலோ மோதித் திரும்பி வருகிறது என்று பொருள், ஆன்டெனாவை இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும். பூஸ்டரில் விளக்கு எரியவில்லை என்றால் அடாப்டர் போயிருக்கும். மழைக்கு மறுநாள் படம் மங்கினால் ரிப்பன் வயர் நனைந்திருக்கும். ஆன்டெனா, வயர், பூஸ்டர், பெட்டி என்று ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஆள் நின்று பதில் சொன்னதால், கோளாறு எங்கே என்பது கத்திக் கேட்டே தெரிந்துவிடும். இன்றைய கண்ணிகள் வாய் திறப்பதில்லை. டிஸ்க், லேப்டாப், ரவுட்டர், டிவி எல்லாமே பச்சை விளக்கோடு நலமாக இருப்பதாகவே காட்டிக்கொள்கின்றன. நாம்தான் ஒவ்வொன்றாக நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது.

எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் கோபுரம் வந்ததும் ஆன்டெனாக்கள் வடமேற்கே திரும்பின. அதே காலத்தில்தான் லித்தோ பிரஸ்ஸில் வேலை பார்த்த மாமாவின் வீட்டுக்கு சிங்கப்பூரிலிருந்து ஒரு வி.சி.ஆர் வந்தது. ஊரில் மற்றவர்கள் டெக் வாடகைக்கு எடுத்து விடியவிடியப் படம் பார்த்தார்கள். மாமா அதை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினார். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். சட்டத்தில் குச்சி அடுக்கிவிட்டு வந்து, வீட்டில் விளக்கடியில் பெட்டி ஒட்டுவார். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பாட்டு நிகழ்ச்சி ஓடும்போது தெருவே டிவி முன்னால் இருக்கும், அம்மாவின் கை மட்டும் பசையில் இருக்கும். மாமா அதைப் பதிவு செய்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் அக்காளான அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவார். கேசட் உறைகளுக்கு அவர் ஒட்டியது பிரஸ்ஸில் கழித்துப்போட்ட வெடி லேபிள்கள். லட்சுமி படம் போட்டது பாட்டுக் கேசட், குருவி படம் போட்டது சினிமா.

பதிவு செய்த நிகழ்ச்சியைப் பலரும் ஒரு வசதி என்று மட்டும் நினைக்கிறார்கள். நேரம் தன் கையில் இல்லாதவர்களுக்கு அதுதான் டிவி என்பதை நான் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டேன். அம்மா பாட்டு பார்க்கும்போது முகத்தில் வரும் அமைதி, நிகழ்ச்சி ஒளிபரப்பான நேரத்தில் பார்த்த யார் முகத்திலும் வந்ததில்லை.

கேசட்டுக்கும் நோய்கள் உண்டு. எங்கள் ஊர் வெயிலுக்குப் பூஞ்சை குறைவு என்றாலும் மழைக்காலத்தில் வெள்ளை பூத்துவிடும். ஹெட்டில் அழுக்குச் சேர்ந்தால் படத்தில் பனி பெய்யும், டிராக்கிங் குமிழைத் திருப்பினால் கோடுகள் கீழே இறங்கும். எதுவானாலும் கண்ணுக்குத் தெரிந்த பழுது. மாமா காலமான பிறகு அந்தக் கேசட்டுகள் என்னிடம் வந்தன. மதுரையில் ஒரு கடையில் கொடுத்து அவற்றை டிஜிட்டலாக மாற்றினேன். அதோடு டிடி ஃப்ரீ டிஷ் பெட்டியின் யுஎஸ்பி துளையில் ஒரு டிஸ்க்கைச் செருகி, பொதிகையிலும், 2024 ஜனவரியில் பெயர் மாறிய பின் டிடி தமிழிலும் வருகிற பழைய படங்களையும் கச்சேரிகளையும் பதிவு செய்யத் தொடங்கினேன். எல்லாவற்றையும் பின்னறையில் ஒரு பழைய லேப்டாப்பில் சேர்த்து, வைஃபை வழியே முன்னறை டிவியிலும் மதினியின் ஃபோனிலும் பார்க்கும்படி வைத்தாயிற்று. அப்போதுதான் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

இணைய நிறுவனத்தை அழைத்தால் கிடைக்கிற பதில் எல்லோருக்கும் பழக்கமானது. வேகம் கூடிய பிளானுக்கு மாறுங்கள் என்றார்கள். தெருவில் பலர் அப்படி மாறியிருக்கிறார்கள். மாதாமாதம் கூடுதலாகப் பணம் போகிறது, வட்டம் நிற்கவில்லை. இது எனக்குக் கோபத்தையே உண்டாக்குகிறது, ஏனென்றால் இந்தப் பணம் பெட்டி ஒட்டியும் திரி சுற்றியும் வருகிற பணம். வீட்டு டிஸ்க்கில் இருக்கும் படம் வீட்டு டிவிக்குப் போக இணையமே தேவையில்லை. ரவுட்டரிலிருந்து ஃபைபர் கம்பியைக் கழற்றிவிட்டு அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். வழக்கம்போல ஓடியது, வழக்கம்போல நின்றது. ஆக, கோளாறு வாசலுக்கு வெளியே இல்லை.

பட்டாசு ஆலைகளில் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டுவார்கள். மருந்து நிரப்பும் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ஓர் அறையில் நடப்பது அடுத்த அறைக்குப் போகக் கூடாது என்பதுதான் கணக்கு. பழுது தேடுவதும் அப்படித்தான் இருக்க வேண்டும், ஒரு கண்ணியை மற்றதிலிருந்து பிரித்து நிறுத்திப் பார்க்க வேண்டும். அதே கோப்புகளை பென்டிரைவில் ஏற்றி டிவியிலேயே நேரடியாகச் செருகினேன். டிடியில் பதிவு செய்தவை தடங்கலின்றி ஓடின. கேசட்டிலிருந்து மாற்றியவற்றை டிவி திறக்கவே இல்லை.

அங்கே பிடி கிடைத்தது. கடைக்காரர் கொடுத்தது டிவி எனப்படும் வீடியோ கேமரா வடிவம், ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து, டி, வி. அதில் படத்துக்கு மட்டும் ஒரு நொடிக்கு 25 மெகாபிட் போகும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி, மூன்று மணி நேரக் கேசட்டுக்கு 39 ஜிபி. பாதுகாத்து வைக்க நல்ல வடிவம், வீட்டுக் காற்றில் அனுப்புவதற்குப் பெரிய சுமை. மதினியின் ஃபோனில் படம் ஓட்டும் விஎல்சி செயலி அதை அப்படியே இழுக்கப் பார்க்கும், வைஃபை தாங்காது. முன்னறைப் பெட்டிக்கு அந்த வடிவமே தெரியாததால் லேப்டாப் ஓடஓட வேறு வடிவத்துக்கு மாற்றித் தர வேண்டும், அதன் பிராசசர் தாங்காது. பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே வட்டம். முன்கூட்டிச் சேமித்து வைத்த சில நொடிப் படம் தீர்ந்துபோய், அடுத்தது இன்னும் வந்து சேரவில்லை என்பதைத்தான் அந்த வட்டம் சொல்கிறது. ஏன் வரவில்லை என்பதை அது சொல்வதில்லை.

டிடியின் பதிவுகள் சிறியவை, அவையும் நின்றதற்குக் காரணம் காற்று. லேப்டாப்பும் வைஃபையில், டிவியும் வைஃபையில். அப்படியானால் ஒவ்வொரு காட்சியும் லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து டிவிக்கு ஒரு முறை என்று அதே அலைவரிசையில் இரண்டு தடவை பறக்க வேண்டும். கிடைக்கிற வேகம் பாதியாகிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று, 1, 6, 11. எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர், எல்லா ரவுட்டரும் அந்த மூன்றுக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் அது சுவரை ஊடுருவிப் போவதில் பலவீனம். எங்கள் ரவுட்டர் இருந்த பீரோவின் இரும்புக் கதவுக்குப் பின்னால் இரண்டும் தோற்கும். இன்னொன்றும் உண்டு. யுஎஸ்பி 3.0 டிஸ்க்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் எழுதியிருக்கிறது. என் டிஸ்க் ரவுட்டரின் தலைமேல்தான் உட்கார்ந்திருந்தது.

செய்தது இவ்வளவுதான். எலக்ட்ரீசியனை வைத்துச் சுவரோரமாக ஒரு கேட் 5இ கம்பி இழுத்து லேப்டாப்பை ரவுட்டரோடு இணைத்தேன், டிவிக்கு இன்னொன்று. அந்தக் கம்பி நூறு மீட்டர் வரை தாங்கும், எங்கள் வீட்டின் நீளம் அதில் ஒரு மூலைக்கும் காணாது. ரவுட்டரை பீரோவை விட்டு வெளியே எடுத்து, டிஸ்க்கைத் தள்ளி வைத்தேன். கேசட் கோப்புகளை ஹேண்ட்பிரேக் என்கிற இலவச மென்பொருளில் எச்.264 ஆக ஒரே முறை மாற்றினேன், நொடிக்கு இரண்டு மூன்று மெகாபிட்டுக்கு வந்துவிட்டது. பெரிய மூலக் கோப்புகள் வேறொரு டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன.

மதினி வெடி ஆபீஸுக்குப் போகிறவர். ஃபோனை கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பகலில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. குளித்து, சமைத்து முடித்து அடுக்களையில் ஃபோனைச் சாய்த்து வைக்கும்போதுதான் அவருடைய டிவி தொடங்குகிறது. "என்ன தம்பி, இன்னைக்கு நிக்கவே இல்ல?" என்று அவர் கேட்ட இரவு எனக்கு நிறைவானது. அம்மா எதுவும் சொல்லவில்லை, லட்சுமி லேபிள் ஒட்டிய கேசட்டின் பாட்டுகளை முழுதாகப் பார்த்துவிட்டு, மாமா பெயரை மட்டும் ஒரு தடவை சொன்னார்.

ஓடிடி செயலிகளில் சுற்றும் வட்டம் வேறு. ஒரு ஃபைபர் இழையைப் பல வீடுகள் பங்குபோடுகின்றன, எல்லோரும் பார்க்கிற ராத்திரி நேரத்தில் நெரிசல் வரும், அங்கே நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் ஒரு லேப்டாப்பைக் கம்பியில் ரவுட்டரோடு இணைத்து வேகத்தைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கையில் எண் இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

வீட்டில் பதிவு செய்து வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது. அடுத்த பிளானுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஃபைபரைக் கழற்றிவிட்டு ஒரு படத்தைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் நின்றால் அந்தப் பணத்தில் கம்பி வாங்குங்கள். பரணில் கேசட் இருந்தால் இந்த வருடமே மாற்றிவிடுங்கள். வி.சி.ஆர் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது.