மெமரி கார்டின் மெய்க்கீர்த்தி: ஓர் ஆராய்ச்சி

திருவண்ணாமலைக் கோயில் சுவரில் சோழரும் ஹொய்சளரும் விஜயநகரத்தாரும் பொறித்ததை எல்லாம் அறிஞர்கள் படியெடுத்துப் படித்துவிட்டார்கள். கார்த்திகைத் தீபத்தன்று அதே ஊருக்குக் கேமராவோடு வருபவரின் மெமரி கார்டில் பொறித்திருப்பதைப் படிப்பார்தான் இல்லை. 32 மில்லிமீட்டர் உயரம், 24 அகலம். அவ்வளவு சிறிய பரப்பில் ஏழெட்டுக் குறிகள். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார், இவர் பணத்தைக் கொடுப்பார்; புலமை அத்துடன் முடிந்தது. அக்குறை களையவே இவ்வாராய்ச்சி எழுந்தது. நல்கை அளித்தவர் எவருமிலர்.

முதலாம் ராஜராஜன் காலந்தொட்டுச் சோழர் கல்வெட்டு மெய்க்கீர்த்தியோடு தொடங்கும். மன்னன் வென்ற நாடுகள், அடைந்த புகழ் எல்லாம் சொல்லி ஓய்ந்த பிறகுதான், இன்னார் இன்ன விளக்கெரிக்க இத்தனை ஆடு விட்டார் என்ற காரியம் வரும். கார்டும் அம்மரபிற்றே. ‘200 எம்பி’ என்று கொட்டை எழுத்தில் இருப்பது மெய்க்கீர்த்தி. அது வீடு திரும்பிய பின் படங்களைக் கணினிக்கு இழுக்கும் வேகம். அதுவும் அந்நிறுவனத்தாரே விற்கும் தனி ரீடரில் செருகினால். யூஎச்எஸ்-1 வகைக் கேமரா எதுவும் வினாடிக்கு 104 எம்பியைத் தாண்டாது.

ஆட்டுக் கணக்கு எங்கே எனின், மூலையில். ‘சி’ என்ற வளைவுக்குள் 10 இருந்தால், எழுதும் வேகம் வினாடிக்கு 10 எம்பிக்குக் குறையாது. ‘யூ’ என்ற கிண்ணத்துக்குள் 3 இருந்தால் 30. பக்கத்திலேயே ‘வி30’ என்றிருக்கும், அதுவும் 30தான். கூறியது கூறல் குற்றமன்றோ எனின், குற்றமே. ஆயினும் கார்டு முழுவதிலும் தயாரிப்பாளர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் வாக்குறுதி இந்தப் பொடி எழுத்து ஒன்றுதான் என்பதால் பொறுத்தருள்க.

பொடி எழுத்தின் அருமை மாலை 6 மணிக்குத் தெரியும். அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குள்ளிருந்து ஆடியபடி வெளியே வந்து, சில நிமிடங்களே காட்சி தந்து உள்ளே போய்விடுவார். ஆண்டுக்கு ஒருமுறைதான். அந்நேரமே 2668 அடி உயர மலையுச்சியில் கொப்பரை பற்றிக்கொள்ளும். அனுமதிச் சீட்டு வாங்கி, மதியத்திலிருந்து இடம் பிடித்து, முன்னால் நிற்பவரின் தலையைச் சபித்துக்கொண்டிருந்த படக்காரர் விரலை அழுத்துகிறார். வினாடிக்குப் பத்துப் படம். ரா வகையில் ஒன்று 30 எம்பி என்றால் 300 எம்பி. வி30 கார்டு தன் வாக்குறுதி அளவுக்கு மட்டும் உழைத்தால், ஒரு வினாடியில் எடுத்ததை எழுதி முடிக்கப் பத்து வினாடி வேண்டும். மிச்சத்தைக் கேமராவின் பஃபர் கொஞ்ச நேரம் மடியில் வாங்கி வைத்துக்கொள்ளும். அதுவும் நிறைந்ததும் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும், பித்தான் அழுந்தாது. ஊரே அரோகரா என்று மலையைப் பார்த்துக் கும்பிட, இவர் ஒருவர் மட்டும் வேறு ஜோதியைத் தரிசித்துக்கொண்டு நிற்பார்.

வீடியோக்காரருக்கு வேகத்தைவிடக் கொள்ளளவே கவலை. 100 எம்பிட் அளவில் பதியும் 4கே வீடியோவுக்கு வினாடிக்கு 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி. 14 கிலோமீட்டர் கிரிவலத்தை நான்கு மணி நேரத்தில் நடப்பவர் 64 ஜிபி கார்டோடு புறப்பட்டால், ஐந்தாவது கிலோமீட்டர் வாக்கில் இடம் தீரும். வருண, வாயு, குபேர, ஈசானிய லிங்கங்களுக்கு அவர் கணக்கில் இடமில்லை. எண்திசையும் வேண்டுவோர் 256 வாங்குக.

இனிப் போலி. அடிமுடி தேடிய கதை நடந்த ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. அன்னமாகப் பறந்த பிரம்மன் முடியைக் காணாமலே கண்டதாகச் சொல்ல, தாழம்பூ பொய்ச்சாட்சி சொன்னது. பாதி விலைக்குக் கிடைக்கும் 512 ஜிபி கார்டு பலவற்றுள்ளும் ஒரு தாழம்பூ உட்கார்ந்திருக்கிறது. உள்ளே இருப்பது 8 ஜிபியோ 16 ஜிபியோதான். கண்ட்ரோலர் சில்லு மட்டும் கூசாமல் 512 என்று சாட்சி சொல்லும். உண்மை அளவு தீர்ந்த பிறகும் படங்களின் பெயர் வரிசையாகத் தெரியும்; திறந்தால் ஒன்றுமிராது. மேலே அச்சிட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்குவது அன்ன நெறி. அடி தேடி அகழ்ந்த திருமாலின் வராக நெறியே இங்கு கொள்ளத்தக்கது: எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருளால் கார்டை அடிவரை நிரப்பி, திரும்பப் படித்துப் பார்ப்பது. மணிக்கணக்கில் ஆகும், வராகத்துக்கும் நேரமாயிற்று. இடையே 64 ஜிபி கார்டு கணினியில் 59.6 என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகற்க. அவர்கள் பத்தின் மடங்கில் எண்ணுகிறார்கள், கணினி இரண்டின் மடங்கில் எண்ணுகிறது, அவ்வளவே.

ஒரு பெரிய கார்டா, இரண்டு சிறியவையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கல்யாண வீட்டுப் படக்காரர்கள் இரண்டு கார்டுக் கட்சி. ஒன்று கெட்டால் முகூர்த்தமாவது மிஞ்சும் என்பது அவர்கள் துணிபு. நானும் அவர்கள் பக்கமே.

தீபம் 11 நாள் எரிவதால் மலையைத் தவறவிட்டவருக்கு மறுநாள் உண்டு. அர்த்தநாரீஸ்வரரைத் தவறவிட்டவர் அடுத்த கார்த்திகைவரை காத்திருக்க வேண்டியதே. அதற்குள் வி60 கார்டு விலை இறங்கிவிடும் என்பாரும் உளர்.