எதிரே வந்தால் கூட்டு, கூடவே வந்தால் கழி

கணக்குப் புத்தகத்து ரயில்கள் தனிப் பிறவி. சிக்னலுக்கு நிற்பதில்லை. கிராசிங்குக்காக ஓரங்கட்டப்படுவதில்லை. மணிக்கு 54 கிலோமீட்டர் என்றால் 54தான்; டிரைவர் கொட்டாவி விட்டால்கூட 53 ஆகாது. விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என்று நாலு பக்கமும் தண்டவாளம் பிரியும் விருத்தாசலத்தில் குடியிருப்பவனுக்கு இப்படிப்பட்ட ரயில்மேல் சந்தேகம்தான் வரும்.

என் அக்கா மகனுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. ரயில்வே தேர்வுக்குப் படிக்கிறான். 200 மீட்டர் நீள ரயில் 54 கி.மீ. வேகத்திலும், 250 மீட்டர் நீள ரயில் 36 கி.மீ. வேகத்திலும் எதிரெதிரே வருகின்றன; கடக்க எவ்வளவு நேரம்?

"எதிரெதிரே வந்தா வேகத்தைக் கூட்டணும் மாமா. 90. அஞ்சால பெருக்கி, பதினெட்டால வகுத்தா செகண்டுக்கு 25 மீட்டர். நீளம் ரெண்டும் சேர்ந்து 450. பதினெட்டு செகண்டு, முடிஞ்சுது."

"ஒரே பக்கமா போனா?"

"கழிக்கணும். 18 கி.மீ., செகண்டுக்கு 5 மீட்டர். தொண்ணூறு செகண்டு."

"எந்த ஸ்டேஷன்கிட்டடா கடக்குது?"

"அது ஆப்ஷன்லயே இல்ல மாமா."

இந்தச் சூத்திரத்தைக் கண்டுபிடித்த ஆளை அவன் அடிக்கடி திட்டுவான். பெயர் தெரியாமல் திட்டுவது முறையல்லவே என்று தேடிக் கொடுத்தேன். கி.பி. 499ஐ ஒட்டி எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தில், கணித பாதத்திலேயே இது இருக்கிறது: எதிரெதிரே நகரும் இரண்டுக்கு இடையிலுள்ள தூரத்தை வேகங்களின் கூட்டுத்தொகையால் வகு; ஒரே திசை என்றால் வித்தியாசத்தால் வகு; சந்திக்கும் நேரம் வந்துவிடும். தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது 1856இல். ஆக, வினாத்தாள் 1,357 வருடத்துக்கு முன்பே தயார். ரயில்தான் லேட்.

ஓடத்தில் போகிறவனுக்குக் கரையில் இருப்பவை பின்னால் ஓடுவதாகத் தெரியும், அதுபோலத்தான் நட்சத்திரங்கள் மேற்கே போவதாகத் தெரிகிறது என்றும் ஆரியபட்டர் சொல்லியிருக்கிறார். நமக்கு ஓடம் வேண்டாம்; ஜங்ஷனில் நிற்கும் வண்டியில் ஜன்னலோரம் கிடைத்தால் போதும். பக்கத்துத் தண்டவாளத்து வண்டி நகரும். நம் வண்டிதான் கிளம்பிவிட்டது என்று வயிறு அடித்துச் சொல்லும். டீ வாங்க இறங்கினவரின் மனைவி "ஏங்க, ஏங்க!" என்று கத்த, அவர் பாதி டீயைக் கையிலும் மீதியைச் சட்டையிலும் ஊற்றிக்கொண்டு ஓடிவந்து ஏறுவார். வண்டி அசையாமல் நிற்கும். கணக்குப்படி அந்த அம்மாள் சொன்னதில் தப்பில்லை. டீ மட்டும் நஷ்டம்.

ரயிலுக்காவது ஒரு நேரத்தில் கூட்டல் அல்லது கழித்தல், ஏதோ ஒன்றுதான். ஸ்கூட்டர்க்காரனுக்கு இரண்டும் ஒன்றாக வரும். பின்னால் மனைவி. அவள் மடியில் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் பீங்கான் அகல் விளக்குகள். எங்கள் ஊரிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வேறென்ன கொண்டுபோவது? முன்னால் இரண்டு டிரெய்லர் இழுக்கும் கரும்பு டிராக்டர். அது 18, நான் 36. வித்தியாசம் நொடிக்கு 5 மீட்டர். அதன் நீளமும் என் நீளமும் சேர்ந்து 20 மீட்டர் என்றால் கடக்க 4 நொடி. எதிரே 54இல் பஸ். பஸ்ஸுக்கும் எனக்கும் கூட்டல். நொடிக்கு 25 மீட்டர். அந்த 4 நொடியில் 100 மீட்டர் காலி. அதுவும் டிராக்டர் பின்னால் ஒட்டிக்கொண்டு 18இல் போகிறவன் 36ஐ எட்டவே சில நொடி ஆகும். புத்தகத்து வாகனங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. எனவே 200 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வருவதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்து ஒரு லாரி தெரிந்தது.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"கழிச்சுக்கிட்டிருக்கேன்."

"பொழுதையா?"

யோசித்தால், எதிரே வருகிறவரால் நமக்குப் பெரிய தொந்தரவில்லை. பதினெட்டு நொடியில் அவர் வழி அவருக்கு. கூடவே வருகிறவரோடுதான் மல்லுக்கட்டு. பக்கத்து வீட்டுப் பையனும் அதே தேர்வுக்குப் படிக்கிறான். மாதிரித் தேர்வில் ஒரு வாரம் இவன் அரை மார்க் முந்துவான், மறுவாரம் அவன்.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையை எழுதிப் பிராது கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். மகன் வேலைக்காக அக்கா போனாள். அங்கே பார்த்தால், பக்கத்து வீட்டு அம்மாளும் கையில் சீட்டோடு நிற்கிறார். அதே தேர்வு, அதே வேலை.

"இப்ப யாருடா முந்துவீங்க?" என்று மருமகனைக் கேட்டேன்.

"ரெண்டு பேரும் ஒரே திசை, ஒரே வேகம் மாமா. கழிச்சா பூஜ்யம். பூஜ்யத்தால வகுக்கக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு. இது சாமி போட வேண்டிய கணக்கு."