பட்டம் வாங்கிய ஹெரால்டும் பங்க் பெட்ரோலும்

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது டெல்லி.

பொருள்: 50 வயது கடந்த கார்களுக்குத் தாங்கள் செய்துள்ள கௌரவம் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2021 ஜூலையில் தாங்கள் கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிகளால் நாட்டின் பழைய கார்கள் பூரித்துப்போயிருக்கின்றன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு நிறைந்து, சேஸி, பாடி, இன்ஜின் எதிலும் கைவைக்காமல் பிறந்தபடியே இருக்கும் வண்டிக்கு இனி தனி மரியாதை. குழு வந்து பார்க்கும். புதிதாகப் பதிந்தால் ‘விஏ’ என்ற எழுத்துகளோடு நம்பர் கிடைக்கும். பதிய 20,000 ரூபாய், 10 ஆண்டு கழித்துப் புதுப்பிக்க 5,000 ரூபாய். கௌரவத்துக்கு இது அதிகமில்லை.

ஆனால் அதே விதிகளில் இன்னொரு வரியும் உண்டு: வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டும் வெளியே வரலாம். வித்வானுக்குப் பட்டம் கொடுத்து, மேடையில் உட்காரலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது என்று சொல்வதைப் போல.

பட்டம் வாங்காத பழைய காருக்கு இந்தத் தொல்லை இல்லை. 20 வயதைத் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்டில் தாங்கள் நிர்ணயித்த 10,000 ரூபாயைக் கட்டிவிட்டு, காய்கறிக் கடைக்குக்கூட அதில் போய்வரலாம். விதியை ஒழுங்காகப் படித்துப் பட்டத்துக்கு ஆசைப்பட்டவர்தான் ஆட்டோவில் போகிறார்.

சென்னையில் பிறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டையே எடுத்துக்கொள்ளலாம். இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த வண்டி. 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்தது. 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா அதைச் சென்னையில் தயாரித்தது. அதே 948 சிசி இன்ஜினோடு பின்னாளில் நான்கு கதவு மாடலும் வந்தது. அந்த நான்கு கதவு இங்கிலாந்துக்காரர்களுக்கே கிடைக்காதது. பானெட்டைத் தூக்கினால் முகப்பு மொத்தமும் மட்கார்டோடு முன்பக்கமாகச் சாயும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இன்றைய கார்களில் ஹெட்லைட் பல்பு மாற்றவே பம்பரைக் கழற்ற வேண்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்த வண்டியை ஒரிஜினல் பாகங்களோடு காப்பாற்றுகிறவர் என்ன செய்கிறார் என்று அமைச்சகம் ஒருமுறை அருகில் வந்து பார்க்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்டை எமரித் தாளால் தேய்த்து, 15 தவ் (அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு) கேஜைச் செருகி இடைவெளி வைக்கிறார். அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லை. முன்சக்கரம் திரும்பும் டிரனியனுக்கு கிரீஸ் அடிக்காமல் 90 ஆயில் விடுகிறார். ஹெரால்டு தெரியாத மெக்கானிக் அங்கே கிரீஸ் அடித்துவிடுவார். ஆயில் போகாமல் தேய்ந்த டிரனியன் என்றாவது ஒருநாள் முறிந்து, சக்கரம் மடிந்துகொள்ளும். அரையங்குல ஸ்பானருக்குப் பதில் 13 எம்எம் ஸ்பானரைப் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும். ஒரு பாகம் போனால் ஜி.பி. ரோட்டில் ஆரம்பித்துப் புதுப்பேட்டை வரை கடை கடையாக ஏறி இறங்க வேண்டும்.

இவ்வளவு பாடும் வண்டி ஓடினால்தான் பலிக்கும். நிறுத்தியே வைத்தால் பிரேக் வீல் சிலிண்டர் இறுகும், கார்பரேட்டர் ஜெட்டில் பிசின் கட்டும், ஆயில் சீல் காயும், பேட்டரி உட்காரும். ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்று சொல்லும் விதி, ஒரிஜினல் பாகங்கள் கெடுவதற்கான வழியையும் அடுத்த வரியில் சொல்லிவிடுகிறது.

சரி, பெட்ரோல் போடவாவது போகலாமே என்றால், பங்கில் இருப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2030-க்கு வைத்திருந்த இலக்கை நாடு 2025-லேயே எட்டிவிட்டது. கரும்பு விவசாயிகளுக்கும் அந்நியச் செலாவணிக்கும் நல்லதுதான். ஹெரால்டை உருவாக்கியவர்கள் மட்டும் இதை எதிர்பார்க்கவில்லை. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸ் உப்பும், பம்பின் டயஃப்ரம் தளரும், கார்பரேட்டர் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி படியும். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வாயால் ஊதிப் பார்க்கும் மெக்கானிக் அந்தப் பொடியைத்தான் துப்புகிறார்.

இது முதல் அடியும் அல்ல. 2000 பிப்ரவரியோடு நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. ஊரின் நுரையீரலுக்கு அது அவசியமான முடிவு. அதில் யாருக்கும் வழக்கில்லை. ஆனால் ஈயத்தை நம்பியிருந்த பழைய இன்ஜின்களில் எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேயத் தொடங்கியது. சிலிண்டர் ஹெட்டைக் கடைந்து, கடினமான சீட் இறக்கினால்தான் வண்டி பிழைக்கும். அப்படி இறக்கினால் அது தங்கள் விதிப்படி இன்ஜின் மாற்றமா, வைத்தியமா? எத்தனாலைத் தாங்கும் ரப்பர் ஹோஸ் போட்டால் பட்டம் பறிபோகுமா? குழுவினர் எந்தப் பக்கத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள்?

வெளியே எப்படி என்று பார்த்தால், பிரிட்டன் 2021 செப்டம்பரில் 10 சதவீத எத்தனாலுக்கு மாறியபோது, பழைய வண்டிகளை மனத்தில் வைத்து உயர்ரகப் பெட்ரோலில் 5 சதவீதத்துக்கு மேல் போகாத வகையைத் தக்கவைத்தது. ஜெர்மனியில் 30 வயதான, ஒரிஜினல் நிலையில் உள்ள காருக்கு ‘எச்’ முத்திரையோடு நம்பர் தருகிறார்கள். அந்தக் கார் அலுவலகத்துக்கும் போகிறது, ஊருக்கும் போகிறது.

இங்கே 2014-ல் உத்தர்பாராவில் உற்பத்தி நின்ற கடைசி அம்பாசிடர்கள் பட்டம் பெற 2064 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை 15-வது வயதில் தொடங்கி, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கட்டணத்தோடு வரிசையில் நிற்கும். தாங்கள் கவலைப்பட வேண்டாம்.

ஆகவே, பட்டம் பெற்ற கார்கள் மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வரம்போடு சாதாரணமாக ஓடலாம் என்று விதியைத் திருத்துமாறும், வால்வு சீட், ஹோஸ், டயஃப்ரம் போன்றவற்றை மாற்றினால் ஒரிஜினல் தன்மை கெடாது என்று ஒரு பட்டியல் வெளியிடுமாறும், மாவட்டத்துக்கு ஒரு பங்கிலாவது எத்தனால் குறைந்த பெட்ரோல் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க ஏற்பாடு செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
ஓட விரும்பும் பழைய வண்டிகளின் சார்பில்.

நகல்: பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு அமைச்சகம்.

பின்குறிப்பு: இந்த மனுவை ஹெரால்டிலேயே கொண்டுவந்து கொடுப்பது கண்காட்சியில் சேருமா, பேரணியில் சேருமா என்று விதியில் தெளிவில்லாததால், பதிவுத் தபாலில் அனுப்பப்படுகிறது.