பத்துப் பொருத்தமும் பார்த்த எஞ்சின்

அமெரிக்காவில் எங்கோ ஒரு கராஜ். அறுபதைத் தாண்டிய ஒரு மனிதர், 1969-ஆம் வருஷத்து செவ்ரோலே கமாரோவின் திறந்த பானெட்டுக்குள் இடுப்பு வரை நுழைந்து கிடக்கிறார். வாயில் டார்ச். ஒரு கையில் பல் டாக்டர் வைத்திருப்பாரே, அந்த மாதிரி குட்டிக் கண்ணாடி. இன்னொரு கையில் கார்புரேட்டர் கிளீனரில் நனைத்த துணி. ஆல்டர்னேட்டருக்குப் பின்னால், வலது பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், எஞ்சின் பிளாக்கில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தட்டையான இடம். அதன்மேல் அரை நூற்றாண்டு ஆயில் பிசுக்கு. துடைக்கத் துடைக்க எழுத்துகள் எழுந்து வருகின்றன: வி... 0412... டி... இஸட்.

'இஸட்'டைப் பார்த்ததும் மனிதர் துள்ளினார். தலை பானெட்டில் 'ணங்'கென்று இடித்தது. வலிக்கவில்லை. பிள்ளை பிறந்த செய்தி கேட்டபோதுகூட இவர் இப்படித் துள்ளியிருப்பாரா என்பது அவர் மனைவிக்குத்தான் வெளிச்சம்.

நாம் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பார்ப்பதை அங்கே பாடிக்கும் எஞ்சினுக்கும் பார்க்கிறார்கள். பெயர் 'நம்பர்ஸ் மேட்சிங்'. காரின் நம்பரும், எஞ்சினில் குத்திய நம்பரும், கியர்பாக்ஸில் குத்திய நம்பரும் ஒரே குலம், ஒரே கோத்திரம் என்று நிரூபணமானால் அது குடும்பக் கார். இல்லாவிட்டால் அதே பெயிண்ட், அதே உறுமல், அதே வேகம் இருந்தாலும் வெறும் பழைய கார்.

இந்த ஆசாரம் எங்கே ஆரம்பித்தது என்று பார்க்கப் போனால் சிரிப்பு வருகிறது. ஏனென்றால் இந்த முரட்டுக் கார் வம்சத்தின் முதல் பிறப்பே குறுக்கு வழியில் நடந்தது.

1963-இன் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் பெரியவர்களுக்கு ஞானோதயம் வந்தது. இனி நம் கம்பெனி ரேஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்றார்கள். நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக்கூடாது என்பதும் உத்தரவு. ரேஸை வைத்தே பெயர் சம்பாதித்திருந்த போன்டியாக் பிரிவுக்கு இது இட்லிக் கடையில் சட்னிக்குத் தடை போட்ட மாதிரி. அங்கே தலைமை எஞ்சினியர் ஜான் டிலோரியன். கூட பில் காலின்ஸ், ரஸ் கீ என்ற இரண்டு எஞ்சினியர்கள். பெரிய காருக்கான 389 கன அங்குல எஞ்சின், நடுத்தரக் காரில் அதே மவுண்டிங்கில் கச்சிதமாக உட்காரும் என்று கண்டுபிடித்தார்கள். 389 என்றால் ஏறக்குறைய 6.4 லிட்டர், அதாவது எட்டு மாருதி 800 எஞ்சின்களை ஒரே பானெட்டுக்குள் குடிவைப்பது.

உத்தரவு? அதில் ஓட்டை இருந்தது. புதிய மாடல் விட்டால்தான் மேலிடத்தின் அனுமதி வேண்டும். ஏற்கெனவே உள்ள டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு 'வேண்டுவோர் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் ஆப்ஷன்' என்று சொல்லிவிட்டால் யாரிடமும் கேட்க வேண்டாம். 295 டாலர் 90 சென்ட். பெயரை ஃபெராரியிடமிருந்து கூசாமல் எடுத்துக்கொண்டார்கள்: ஜி.டி.ஓ. அதில் வரும் 'ஓ', 'ஓமொலொகாத்தோ' என்ற இத்தாலியச் சொல். 'முறைப்படி ஒப்புதல் பெற்றது' என்று பொருள். ஒப்புதலே பெறாமல் கொல்லைப்புறமாக வந்த காருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

விற்பனை மேலாளர் 5,000 கார் போதும் என்று கறாராகச் சொன்னார். 1964 மாடலில் 32,450 விற்றன. கல்லா நிரம்பிய பிறகு யாருக்கும் உத்தரவு ஞாபகம் இருக்காது என்பது உலகப் பொதுவிதி. பிறகு கமாரோ, சார்ஜர், 'குடா என்று கூட்டமே கிளம்பியது. ஒன்று மட்டும் மிச்சம். ஜி.டி.ஓ. வெறும் ஆப்ஷன் என்பதால் 1964, 65 கார்களின் நம்பரில் 'லெமான்ஸ்' குறியீடுதான் இருக்கும். ஊருக்கெல்லாம் ரஜினி, ரேஷன் கார்டில் சிவாஜி ராவ்.

சரி, எஞ்சினில் நம்பரை ஏன் குத்தினார்கள்? பிற்காலத்து ரசிகர்கள் கண்ணீர் விடட்டும் என்றா? ஃபேக்டரி லைனில் எஞ்சின்கள் வரிசைகட்டி வரும். எல்லாம் ஒரே நிறம், ஒரே முகம். எது எந்தக் காருக்கு என்று ஃபிட்டர் குழம்பக்கூடாது. அதற்குத்தான் அந்த இரண்டு எழுத்து. கார் நம்பரின் வால்பகுதியை எஞ்சினில் குத்தியது திருடனைப் பிடிப்பதற்காக. சலவைக்காரர் துணியில் போடும் குறிக்கு இருக்கும் அதே புனிதம்தான் இதற்கும்.

நம் கமாரோக்காரர் படித்ததை நாமும் படிப்போம். 'வி' என்றால் எஞ்சின் செய்த ஊர் ஃபிளின்ட். 0412 என்றால் ஏப்ரல் 12. 'டி.இஸட்' என்றால் இஸட்-28 என்ற பந்தயக் குதிரைக்கு மட்டுமே வைத்த 302 கன அங்குல எஞ்சின். இனி கார் நம்பர், 124379என் என்று தொடங்கும். 1 செவ்ரோலே. 24 எட்டு சிலிண்டர் கமாரோ. 37 கூரை வைத்த கூபே. 9 என்பது 1969. 'என்' ஒஹாயோ மாநிலத்து நார்வுட் ஃபேக்டரி. பிறகு ஆறு இலக்க வரிசை எண். இவ்வளவு விவரம் சொல்லும் நம்பர், அந்தக் கார் இஸட்-28-ஆ இல்லையா என்பதை மட்டும் சொல்லாது. பெயர், ஊர், தெரு, கதவு எண் எல்லாம் எழுதிவிட்டு, கல்யாணமானவரா என்ற கட்டத்தைக் காலியாக விட்ட விண்ணப்பம்.

தேதிகளும் ஒத்துப்போக வேண்டும். பிளாக்கை வார்த்த தேதி முதலில், எஞ்சின் பூட்டிய தேதி அடுத்து, கார் வெளிவந்த வாரம் கடைசி. எஞ்சின் தேதி காரின் தேதிக்குப் பின்னால் இருந்தால், மாப்பிள்ளை கல்யாணத்துக்கு அப்புறம் பிறந்தவர் என்று அர்த்தம். இன்னொரு வில்லங்கமும் உண்டு. வார்ப்புத் தேதியில் வருஷத்துக்கு ஒரே இலக்கம்தான். 9 என்றால் 1969-ஆகவும் இருக்கலாம், 1979-ஆகவும் இருக்கலாம். 1969-இல் பயன்பட்ட அதே வார்ப்பு எண் பிளாக்குகள் எழுபதுகளின் கடைசி வரை வந்துகொண்டே இருந்தன. சரக்கு வண்டியில் மூட்டை சுமந்தது, இஸட்-28-இன் இதயம் என்று சொல்லிக்கொண்டு சபைக்கு வரும்.

அந்தக் காலத்துப் பையன்களுக்கு இந்தக் கவலை ஏதாவது இருந்ததா? சனிக்கிழமை ராத்திரி சிக்னலில் பக்கத்துக் காரோடு பந்தயம். ஞாயிற்றுக்கிழமை கனெக்டிங் ராட் பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். திங்கட்கிழமை டீலரிடம் போய், "கோயிலுக்குப் போய்ட்டு மெதுவாத்தான் சார் வந்தேன், தானா உடைஞ்சிடுச்சு" என்று முகத்தைத் தொங்கப்போடுவான். வாரன்ட்டியில் செவ்ரோலே கொடுத்த மாற்று பிளாக்கில் 'சி.இ.' என்று குத்தியிருக்கும். கம்பெனியே முன்னின்று நடத்திவைத்த இரண்டாம் தாரம். பழைய பிளாக், நம்பரோடு சேர்ந்து, காயலான் கடைக்குப் போய் உருகியது. இன்று அதற்கு உயிரைக் கொடுப்பார்கள். அன்று எடைக்குப் போட்டார்கள்.

இதைவிடக் கொடுமை இஸட்.எல்.1 கமாரோவின் கதை. டாக்ஸி, போலீஸ் காருக்கெல்லாம் மொத்தமாக ஆர்டர் கொடுக்க செவ்ரோலேயில் 'கோபோ' என்று ஒரு படிவம் உண்டு. 1969-இல் அதன் வழியாக முழு அலுமினிய 427 எஞ்சினை கமாரோவில் வைத்துக் கொடுத்தார்கள். டாக்ஸிக்கான கவுண்ட்டரில் ராக்கெட் வாங்கிய கதை. இலினாய் மாநிலத்து லா ஹார்ப் என்ற சின்ன ஊரின் டீலர் ஃப்ரெட் கிப், பந்தய விதிக்காக 50 கார் ஆர்டர் செய்தார். ஐயாயிரம் டாலருக்குள் முடியும் என்று நினைத்திருந்தார். எஞ்சின் மட்டுமே 4,160 டாலர், கார் 7,200-ஐத் தாண்டியது. சாதாரண எட்டு சிலிண்டர் கமாரோ சுமார் 2,700. லா ஹார்ப்பில் அவ்வளவு பணத்துக்கு வயலே வாங்குவார்கள். 13 காரை வைத்துக்கொண்டு, 37-ஐ "மன்னிச்சுக்குங்க சாமி" என்று திருப்பி அனுப்பினார். மொத்தம் பிறந்தவையே 69. சில டீலர்கள் அந்த அபூர்வ எஞ்சினைக் கழற்றிவிட்டு, சாதுவான எஞ்சினை மாட்டித்தான் தள்ளிவிட்டார்கள். தங்கத்தைக் கழற்றிவிட்டுக் கவரிங் போட்ட பிறகுதான் மாப்பிள்ளை கிடைத்தார்!

எழுபதுகளில் இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது, புகைக் கட்டுப்பாடு வந்தது, 1973-இல் பெட்ரோலுக்கு வரிசை நின்றது. ராட்சதக் கார்கள் கல்லூரிப் பையன்களின் கைச்செலவுக் காசுக்குக் கிடைத்தன. பையன்கள் வளர்ந்தார்கள், வழுக்கை விழுந்தது, பணம் சேர்ந்தது. "என் வாலிபம் எங்கே?" என்று தேடினார்கள். வாலிபம் கிடைக்காது, சரி. அதன் எஞ்சின் நம்பராவது கிடைக்காதா?

ஜாதகம் தேடும் படலம் தொடங்கியது. போன்டியாக்கின் பழைய கணக்குகள் பத்திரமாக இருந்தன. பணம் கட்டினால் நகல் வரும். ஃபோர்டு கணக்குகளை கெவின் மார்ட்டி என்பவர் உரிமம் பெற்று வைத்திருக்கிறார். அவர் தரும் அறிக்கைதான் அந்த உலகத்தின் வாக்கியப் பஞ்சாங்கம். செவ்ரோலே தன் அமெரிக்க விற்பனைக்கு அப்படி எதையும் சேர்த்துவைக்கவில்லை. கனடாவுக்கு அனுப்பிய கார்களுக்கு மட்டும் கணக்கு இருக்கிறது. கிறைஸ்லர் ஆட்கள் கதை தனி. எந்தக் காருக்கு எதைப் பூட்ட வேண்டும் என்று லைனுக்கு வரும் தாளை, வேலை முடிந்ததும் பின்சீட்டு ஸ்பிரிங்குக்குள் செருகிவிட்டுப் போவார்கள். அன்றைய குப்பை இன்றைய செப்பேடு. சீட்டைக் கிழித்து, எலி தின்ற மிச்சத்தை இடுக்கியால் எடுத்து ஃபிரேம் போடுகிறார்கள். சமயத்தில் அது பக்கத்துக் காரின் தாளாக இருக்கும். செருகினவருக்கு என்ன கவலை?

விலை ஏறினால் கைவரிசையும் ஏறும். கிறைஸ்லர் கார் நம்பரில் ஐந்தாவது எழுத்து 'ஆர்' என்றால் 426 ஹெமி எஞ்சின். அப்படி ஒரு 1971 ஹெமி 'குடா கன்வெர்ட்டிபிள் 2014-இல் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. ஒற்றை எழுத்துக்கு இந்த மரியாதை என்றால், உளியும் சுத்தியலும் சும்மா இருக்குமா? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்றால், ஒன்பது எழுத்தைத் தட்டி ஒரு கார் செய்யக்கூடாதா?

இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. ஃபேக்டரியில் பிளாக்கின் மேல்முகத்தைச் சீவிய இயந்திரம் மெல்லிய இணைகோடுகளை விட்டுச்செல்லும். நம்பர் அந்தக் கோடுகளின்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். பழைய நம்பரைத் தேய்த்து அழித்தால் கோடும் போய், இடம் வழுவழுவென்றாகிவிடும். நெற்றியில் திருநீறு சரியாக இருக்கிறது, கீழே நெற்றியைக் காணோம் என்பது போல. உடனே போலிக்காரர்கள் கோடு போடவும் கற்றுக்கொண்டார்கள். இப்போது நிபுணர்கள் கோட்டின் கோட்டைப் பார்க்கிறார்கள்.

தரகு மொழியும் தனி. "நம்பர்ஸ் மேட்சிங்" என்றால் பொருத்தம் உண்டு. "டேட் கோட் கரெக்ட்" என்றால் எஞ்சின் வேறு காருடையது, வயசு மட்டும் ஒத்துவருகிறது. "ரெஸ்டோரேஷன் பிளாக்" என்றால் நாங்கள்தான் குத்தினோம், வாயால் சொல்லமாட்டோம். "ஓனருக்குத் தெரிந்தவரை" என்று ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

உச்சக்கட்டம் நடுவர் குழு. 1974-இல் தொடங்கிய கார்வெட் ரசிகர் சங்கம் ஒன்று, கார் ஃபேக்டரியை விட்டு எப்படி வந்ததோ அப்படியே இருக்கிறதா என்று மார்க் போடுகிறது. ஃபேக்டரியிலிருந்து எப்படி வந்தது? பெயிண்ட் ஆரஞ்சுத் தோல் மாதிரி. இன்ஸ்பெக்டர் கிறுக்கிய சாக்பீஸ் கோடு. நீங்கள் ஆசையாகக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டால் மார்க் போச்சு. அவர்கள் செய்த தப்பை அவர்களைப் போலவே செய்யத் தெரிய வேண்டும். நேற்று தயாரான ஸ்பார்க் பிளக் ஒயரில் '1969, இரண்டாம் காலாண்டு' என்று அச்சடித்து விற்கிறார்கள். போன மாதம் பிறந்த குழந்தைக்கு ஓய்வூதிய அட்டை.

நம்பரைப் பார்ப்பதே வீண் என்று சொல்லவரவில்லை. 1968-இல் வந்த 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய மஸ்டாங்கை ஒரு குடும்பம் 1974-இல் 6,000 டாலருக்கு வாங்கியது. வீட்டம்மா அதில் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வேலைக்குப் போய்வந்தார். 1977-இல் மெக்வீனே திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதினார், கொடுக்கவில்லை. 8ஆர்02எஸ்125559 என்ற நம்பர்தான் அதன் அடையாளம். 2020-இல் பெயிண்ட்கூடத் தொடாமல் ஏலத்தில் 34 லட்சம் டாலருக்குப் போனது, கமிஷன் தனி. அதன் அண்ணன், 558 என்று முடியும் ஸ்டன்ட் கார், மெக்ஸிகோவில் துருப்பிடித்துக் கிடந்தது. வேறொரு சினிமாக் காரின் நகலாக மாற்ற இருந்த கடைசி நேரத்தில் நம்பரைப் பார்த்ததால் பிழைத்தது. பொய்யான காலத்தில் நிஜத்துக்கு ஒரு சாட்சி வேண்டித்தான் இருக்கிறது.

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். எஞ்சினை உடைப்பதற்காகவே செய்த கார்கள் இவை. பிறந்த எஞ்சினோடு இன்றும் இருக்கும் கார், யாரும் சரியாக ஓட்டாத கார். ரவுடிகளின் கூட்டத்தில் நன்னடத்தைச் சான்றிதழ் வைத்திருப்பவனுக்குத்தான் முதல் மரியாதை என்கிறார்கள்.

கடைசியாக, ஆதிக்கதையில் நான் சொல்லாமல் விட்ட ஒரு துண்டு. 1964 மார்ச் மாத 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை, அட்டையில் ஃபெராரி ஜி.டி.ஓ.வோடு போன்டியாக் ஜி.டி.ஓ.வை வரைந்து போட்டது. உள்ளே, சோதித்த போன்டியாக் 60 மைல் வேகத்தை 4.6 வினாடியில் தொட்டதாக எழுதியது. அமெரிக்கா வாயைப் பிளந்தது. இந்த மதமே அந்தக் கட்டுரையில் பிறந்தது எனலாம். விளம்பரக்காரர் ஜிம் வாங்கர்ஸ் பல வருஷம் கழித்து உண்மையைச் சொன்னார்: அந்தக் காரில் இருந்தது 389 இல்லை, கமுக்கமாக மாட்டிய 421. வெளிப்பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அன்று நம் கமாரோக்காரர் குட்டிக் கண்ணாடியோடு அங்கே இருந்திருந்தால், பானெட்டுக்குள் நுழைந்து, பிசுக்கைத் துடைத்து, உதட்டைப் பிதுக்கிச் சொல்லியிருப்பார்: "பொருத்தம் இல்லீங்க. வேற இடம் பாருங்க."