கண்டம் தாண்டியவர்

திருமயத்தில் யாராவது வெளியூர் போய்வந்தால் அந்தப் பேச்சு இரண்டு நாள் தாங்கும். சபரிமலை என்றால் ஒரு வாரம், காசி என்றால் ஒரு மாதம். சிங்கப்பூர், மலேசியாவெல்லாம் கணக்கிலேயே சேர்த்தி இல்லை. வீட்டுக்கு ஒருவர் அங்கேதான் இருக்கிறார். ஆனால் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, முதுகில் பையை மாட்டி, பஸ்ஸிலேயே ஒரு கண்டத்தைத் தாண்டி வந்தவர் இருக்கிறாரே, அவருடைய பயணத்துக்கு முடிவே கிடையாது. அவர் பஸ்ஸை விட்டு இறங்கி வெகுகாலம் ஆகிறது. பஸ் அவரை விட்டு இறங்கவில்லை.

இந்த இனம் இப்போது எல்லா ஊரிலும் உண்டு. நான் சொல்வது திருமயம் கிளை. ஆளைப் பையை வைத்து அடையாளம் காணலாம். நாமெல்லாம் பையைப் பெரிசு, சின்னது என்போம். அவர் லிட்டரில் சொல்வார். "அறுபது லிட்டருண்ணே" என்றதும் பால் ஊற்றுகிறவர் திரும்பிப் பார்த்தார். புதுக்கோட்டை இங்கிருந்து இருபது கிலோமீட்டர். அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போவதென்றாலும் அந்த அறுபது லிட்டர் கூடவே போகும். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வார், இடுப்பைச் சுற்றி ஒரு வார். உள்ளே மொய்க்கவர் மட்டும் இருக்கும். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடவேண்டும் என்பார். "ஹனோயிலயே கேக்கலியே" என்று பதில் வரும். கழுத்துத் தலையணையை லேனாவிளக்கில் ஊத ஆரம்பித்து, நமணசமுத்திரத்தில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடும்போது புதுக்கோட்டை வந்துவிடும். மறுபடி காற்றை இறக்க வேண்டும்.

இவருடைய படையெடுப்புக்கு வழிவிட்டவை இரண்டு அரசாங்கங்கள். 2023 நவம்பர் 10 முதல் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்றது தாய்லாந்து. டிசம்பர் 1 முதல் மலேசியாவும் அதையே சொன்னது. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. அதற்கப்புறம் தரையிலேயே போகலாம்: ஹட்யாய், பாங்காக், சியம் ரீப், நாம்பென், சைகோன், கடைசியில் ஹனோய். எல்லாம் சேர்த்து நாலாயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். வரைபடத்தில் பார்த்தால் ஆசியாவின் தென்கிழக்கு மூலையில் ஒரு கோடு, அவ்வளவுதான். அவர் கண்டம் என்றுதான் சொல்வார். அவருடைய அம்மாவும் அப்படித்தான் சொன்னார், வேறு கணக்கில். "இந்த வயசுல இவனுக்கு ஒரு கண்டம் இருக்குன்னு சோசியர் அப்பவே சொன்னாரு."

கண்டம் என்று தெரிந்துவிட்டால் கோட்டை பைரவரிடம் போகாமல் முடியுமா? புதுக்கோட்டை, காரைக்குடி சாலையில் போகிற வண்டி எதுவானாலும் கோட்டைச் சுவரோரம் நின்று, பைரவருக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டுத்தான் நகரும். புது லாரி, பழைய கார், ராமேசுவரம் போகிற வேன் என்று அவருக்கு ஓய்வே இல்லை. நம்மவரும் கூட்டாளிகளுமாக நாலு பேரும் அங்கே போய் நின்றார்கள். தேங்காய் உடைத்தாயிற்று. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைக்க வேண்டும், சக்கரம் இல்லை. பையில் சக்கரம் இருந்தால் அது பேக்பேக் ஆகாதாம். கடைசியில் ஆளுக்கு ஒரு பழத்தைச் செருப்புக்கு அடியில் வைத்து மிதித்துவிட்டுக் கிளம்பினார்கள். பைரவரின் இத்தனை கால அனுபவத்தில் இது புதிதாக இருந்திருக்கும்.

நம்மவரைத் தவிர மற்ற மூவரில் ஒருவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவர். இன்னொருவருக்கு ஒருவேளை சோறு இல்லையென்றால் கண் இருட்டும். மூன்றாமவர் படம் எடுப்பவர். ஆகவே எந்தப் படத்திலும் இல்லாதவர். பிற்பாடு அவர் வந்ததற்குச் சாட்சியே இல்லாமல் போனது தனி வழக்கு.

பாக்கியில்லாத பயணம் எது? பொதுப்பணம் என்று ஆரம்பித்ததுதான் வினை. ஹட்யாய் பஸ் நிலையத்தில் கழிப்பறைக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. சோற்றுக்காரர் இரண்டு தடவை போனார். முதல் தடவை பொதுக்கணக்கு, இரண்டாவது அவருடைய சொந்தக் கணக்கு என்று நோட்டில் ஏறியது. "வயிறு என் சொந்த வயிறா? நீங்க வாங்கிக் குடுத்ததத்தானே திண்டேன்?" என்று அவர் கேட்ட கேள்வி நியாயமானதுதான். ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் நியாயத்துக்குத் தனிப் பத்தி கிடையாது. அன்றிரவு பாங்காக் பஸ்ஸில் இருவர் முன்னால், இருவர் பின்னால். அந்த ஊர் ராத்திரி பஸ்ஸில் ஏசி போடுவதில்லை, பனிப்பொழிவு நடத்துகிறார்கள். கொடுக்கிற போர்வை முழங்காலோடு நின்றுவிடும். அறுபது லிட்டரில் இருந்த மழைக்கோட்டு, டார்ச், கத்தி, விசில் எதுவும் உதவவில்லை. அம்மா கடைசி நேரத்தில் திணித்த கைலிதான் காப்பாற்றியது. அதற்குப் பிறகு ஹனோய் வரைக்கும் அது போர்வையாக, திரையாக, துண்டாக, கொடிக்கயிறாக, ஒரு தடவை நார்த்தங்காய் ஊறுகாய் கசிந்தபோது பாட்டில் கட்டும் துணியாகவும் உழைத்தது. அந்த ஊறுகாயின் வாசனை எல்லா எல்லைகளையும் விசா இல்லாமல் கடந்தது.

போய்ப்பெட் எல்லையில் கம்போடியா விசாவுக்குப் படிவம் எழுத வேண்டியிருந்தது. நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பேனா இருந்தது. அது கணக்குக்காரரிடம் இருந்தது. பேச்சுவார்த்தை அங்கேதான் மறுபடி தொடங்கியது. முப்பது டாலர் விசாவை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் சாலையே மாறிவிடுகிறது. தாய்லாந்தில் நம்மைப்போல் இடதுபக்கம், கம்போடியாவில் வலதுபக்கம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் வைத்து அவர் முக்கால் மணி நேரம் பேசுவார். கேட்டவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். 2025 ஜூனில் அந்தத் தரைவழி எல்லையைத் தாய்லாந்து மூடியதும் அவர் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. இரு நாட்டுச் சண்டை என்றார்கள். "நாங்க போய்ட்டு வந்தோம், அத்தோட மூடிட்டாங்க" என்று அவர் சொல்வதைக் கேட்டால், இவர்கள் போனதால்தான் மூடினார்களோ என்று தோன்றும். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

அங்கோர்வாட் வாசலில் அடுத்த பிளவு. ஒருநாள் சீட்டு 37 டாலர். சோற்றுக்காரர் மனசுக்குள் ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்கூர்ல ஒரே மலையில சிவன் ஒரு குடவரை, பெருமாள் ஒரு குடவரை. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. நூத்தியெட்டு திவ்ய தேசத்துல ஒண்ணு. பாக்கக் காசு குடுத்ததில்ல." மற்ற மூவரும் உள்ளே போய், பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கென்று கட்டிய கோயிலை வாயைப் பிளந்து பார்த்துவிட்டு வந்தார்கள். இன்றைக்கு ஊரில் அங்கோர்வாட்டைப் பற்றி அதிகம் பேசுகிறவர் வெளியில் இருந்தவர்தான். "பெருமாள் கோயிலுங்கிறாக. நம்ம பெருமாள் நீட்டிப் படுத்திருக்காரு, கண்ணாரச் சேவிக்கலாம். அங்க கட்டடம் இருக்கு, அவரு எங்க?" பார்க்காமலேயே இவ்வளவு உறுதியாகச் சொன்னவரை நான் பார்த்ததில்லை.

வியட்நாமில் நாலு பேரும் லட்சாதிபதிகள் ஆனார்கள். ஒரு ரூபாய்க்கு முந்நூறு டாங்குக்கு மேல் வந்தது. ஏடிஎம்மில் ஒரே தட்டில் இருபது லட்சம் எடுத்ததை அவர் டீக்கடையில் சொல்லும்போது நாட்டின் பெயரை மட்டும் விழுங்கிவிடுவார். "ஒரு நா சாப்பாட்டுக்கே நாலு லட்சம் ஆச்சு மாமா." இதைப் பக்கத்து பெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் வீட்டிலிருந்து அடுத்த வாரம் ஜாதகம் வந்தது. அவர்களுக்கு யார் போய் டாங் கணக்குச் சொல்வது?

சைகோனிலிருந்து ஹனோய்க்கு ஆயிரத்தெழுநூறு கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறுமுன் செருப்பைக் கழற்ற வேண்டும். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை கொடுத்து, அதில் போட்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உள்ளே இரண்டடுக்குப் படுக்கை, அந்த ஊர் ஆள் அளவுக்குச் செய்தது. நம்மவர் ஆறடி. பாதிக் கால் உள்ளே, மீதிக் கால் முன்படுக்கைக்காரரின் தலைமாட்டில். கடலும் நெல்வயலுமாக ஒரு நாட்டின் முழு நீளமும் ஜன்னலில் ஓடிற்றாம். நாலு பேரும் தூங்கிவிட்டார்கள் என்பது படக்காரர் தனியாக என்னிடம் சொன்ன செய்தி.

இவருடைய தாத்தாவும் கடல் தாண்டியவர்தான். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, டெக்கில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கில் இறங்கி, ரப்பர் தோட்டத்தில் வருஷக்கணக்கில் இருந்தவர். திரும்பி வந்து அவர் சொன்னது மொத்தமே ஒரு வாக்கியம்: "அங்கிட்டு மழை சாஸ்தி." அப்பத்தா அதற்கு மேல் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்றால், மாட்டார். அந்த ஆள் பேசாமல் மிச்சம் வைத்ததையெல்லாம் பேரன் வட்டியோடு பேசித் தீர்க்கிறான் என்று எடுத்துக்கொண்டால் நமக்குக் கோபம் வராது.

டீக்கடையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் உண்டு. யார் எது சொன்னாலும் அதற்கு முன்னால் ஒருவர் செய்துவிட்டதாகச் சொல்வதே அவருக்குப் பென்ஷன். "தம்பி, இந்தா கோட்டையூர்ல பொறந்தவரு ஏ.கே. செட்டியாரு. காந்தியப் பத்திப் படம் எடுக்க உலகத்தையே சுத்தி, 1940ல வெளியிட்டாரு. பயணம்னா அது." நம்மவர் அசரவில்லை. "அவரு கப்பல்ல போனாரு சார், நாங்க பஸ்ல." வாத்தியார் இதற்காகவே காத்திருந்தவர்போல் அடுத்ததை எடுத்தார். 1957 ஏப்ரல் 15ஆம் தேதி லண்டனில் ஒரு பஸ் கிளம்பியது. இருபது பேர். பிரான்ஸ், துருக்கி, ஈரான், பாகிஸ்தான் எல்லாம் தாண்டி ஜூன் 5ஆம் தேதி கல்கத்தாவில் வந்து நின்றது. போகக் கட்டணம் 85 பவுண்டு. இந்தியாமேன் என்று அந்த பஸ்ஸுக்குப் பெயர்.

வாத்தியார் வாயை மூடவைக்க நினைத்துச் சொன்னது. நடந்தது வேறு. நம்மவர் டம்ளரிலிருந்து கொஞ்சம் டீயை மேசையில் ஊற்றி, விரலால் இழுத்து, அங்கேயே லண்டன் வரைக்கும் பாதை போட்டுவிட்டார். பாகிஸ்தான் போகும் அட்டாரி எல்லையை 2025 ஏப்ரலில் மூடிவிட்டார்களே என்றதற்கு, நேபாளம் வழியாகத் திபெத், சீனா, கஜகஸ்தான் என்று விரல் வளைந்தது. ரஷ்யா வருவதற்குள் டீ காய்ந்துவிட்டது. இன்னொரு டீ சொன்னார். கணக்குக்காரர் அனிச்சையாக நோட்டை எடுத்து, அந்த டீ பொதுக்கணக்கா சொந்தக்கணக்கா என்று கேட்டார். சோற்றுக்காரர் கஜகஸ்தானில் அரிசி கிடைக்குமா என்று விசாரித்தார். ஹனோயில் கடைசி நாள் இனிமேல் ஒருத்தன் முகத்தில் ஒருத்தன் முழிக்கமாட்டோம் என்று சத்தியம் செய்துகொண்டவர்கள் இவர்கள்.

கோட்டை பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள், பெரும்பாலும் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துவிட்டு காரில். அவர்களைக் கண்டால் நம்மவருக்குச் சொந்தக்காரரைக் கண்டமாதிரி. வலியப் போய், சியம் ரீப்பில் எந்தத் தங்குமிடத்தில் மூட்டைப்பூச்சி இல்லை என்று சொல்லிக்கொடுப்பார். அவர்கள் கோட்டையை யார் கட்டியது என்று கேட்பார்கள். அப்போது மட்டும் டீக்கடைப் பக்கம் திரும்பி, "மாஸ்டர்!" என்று குரல் கொடுப்பார். மாஸ்டர் ஆற்றிக்கொண்டே சொல்வார்: "ராமநாதபுரம் விசய ரகுநாத சேதுபதி. 1687." நம்மவர் அதை வாங்கி, தன் சரக்கைப்போல அவர்களிடம் கொடுப்பார்.

கேலி இவ்வளவு போதும். ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் பலர் போகலாம், போகலாம் என்று வாட்ஸப்பில் குழு ஆரம்பித்து, அதில் காலை வணக்கம் போட்டே காலத்தைக் கழித்தவர்கள். இவர் போனார். பாஷை தெரியாமல், பாதி வழியில் பேச்சு நின்ற கூட்டாளிகளோடு, ஒரு கைலியை நம்பிப் போய்விட்டு முழுசாகத் திரும்பி வந்தார். லண்டன் பஸ்ஸுக்கு ஆள் சேர்க்கிறார் இப்போது. திருமயம் பக்கம் வந்தால் உங்களையும் கூப்பிடுவார். தாராளமாகப் போங்கள். பேனா மட்டும் உங்களுடையதைக் கொண்டுபோங்கள். கணக்கு நோட்டு எக்காரணம் கொண்டும் அந்தக் கூட்டுறவுச் சங்கத்துக்காரரிடம் போகக்கூடாது.