வடசென்னையில் ஐந்து நிமிடம் விளையாடுவது எப்படி?

வேலைக்கு நடுவே மூளைக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள், பிரவுசரைத் திறந்து இலவசமாக ஒரு கேம் ஆடுங்கள், ஐந்தே நிமிடம் போதும் என்று ஊரெல்லாம் யோசனை சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் யாரும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர் ஓட்டியவர்களாகத் தெரியவில்லை. ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை ஐந்து நிமிட இடைவேளை என்று ஒன்று கிடையாது. கிடைத்தால் ஐந்து மணி நேரம், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. ஆகவே அந்த யோசனைகளை நம்ம ஏரியாவுக்குத் தகுந்தபடி கொஞ்சம் திருத்தித் தருகிறேன்.

முதலில், காத்திருக்க நல்ல இடமாகப் பிடியுங்கள். துறைமுகத்துக்குப் பெட்டி ஏற்றிப் போகும் டிரெய்லர் வரிசைதான் முதல் தரம். ஜீரோ கேட்டுக்குள் நுழைய வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும் நாட்களில், ஓட்டுநர் வண்டியோரமாக அடுப்பு மூட்டி, சோறு பொங்கி, குழம்பு வைத்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்து பார்ப்பார். முன்வண்டி ஒரு வண்டி தூரம் நகர்ந்திருந்தால் அன்றைக்கு நல்ல நாள். இரண்டாம் தரம், கொருக்குப்பேட்டைப் பக்கத்து ரயில்வே கேட். மூன்றாவது, ஏற்றுமதி இறக்குமதிக் காகிதம் பார்க்கும் கிளியரிங் ஆபீஸ். அங்கே கேட் கிடையாது, சர்வர் உண்டு. “சர்வர் டவுன் சார்” என்று ஒரு குரல் கேட்டதும் பாதி ஆபீஸ் டீக்குப் போய்விடும், மீதிப் பாதிக்குத்தான் இந்த வழிகாட்டி.

இனி ஆட்டம். ஆன்லைன் கேம் ஆட இன்டர்நெட் வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள், இல்லாதபோது ஆடுவதுதான் நமக்குத் தோது. குரோமில் இணைப்பு அறுந்ததும் ஒரு குட்டி டைனோசர் வந்து நிற்கிறதல்லவா, அதைத் தட்டுங்கள். செபாஸ்டியன் காப்ரியல், ஆலன் பெட்டஸ், எட்வர்ட் ஜங் என்ற கூகுள்காரர்கள் 2014இல் செய்துவைத்தது. வைஃபை இல்லாத இடம் டைனோசர் காலத்து இடம் என்பது அவர்களுடைய கேலி. நாம் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை, ஏனென்றால் கேலி சரியாக நம் மேல்தான் விழுந்திருக்கிறது. மாதத்துக்கு 27 கோடி ஆட்டம் நடக்கிறது, ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் டேட்டா நிலையில்லாத அல்லது விலை கூடிய நாடுகளில் இருக்கிறார்கள் என்று 2018இல் கூகுளே சொன்னது. எடுத்துக்காட்டாகச் சொன்ன நாடுகளில் முதல் பெயர் இந்தியா. அப்புறம்தான் பிரேசில், மெக்சிகோ, இந்தோனேசியா. எதிலாவது முதலில் வந்தோமே!

விதிகள் எளிது. கள்ளிச்செடி வந்தால் குதிக்க வேண்டும், பறவை வந்தால் குனிய வேண்டும். பள்ளத்துக்கு ஒரு ஒடிப்பு, கன்டெய்னர் லாரிக்கு ஒரு ஒடிப்பு என்று மணலி சாலையில் பைக் ஓட்டிப் பழகிய கைக்குத் தனிப் பயிற்சி தேவைப்படாது. இந்த ஆட்டம் முடிய 1 கோடியே 70 லட்சம் ஆண்டு ஆகுமாம், டி-ரெக்ஸ் பூமியில் வாழ்ந்த காலத்தைக் கணக்காக வைத்தார்களாம். அதற்குள் ஜீரோ கேட்டில் நம் முறை வந்துவிடும் என்றே ஓட்டுநர்கள் நம்புகிறார்கள்.

இணைப்பு இருக்கிறவர்களுக்கு 2048 என்ற ஆட்டம் இருக்கிறது. கேப்ரியலே சிருல்லி என்ற 19 வயது இத்தாலியப் பையன் 2014 மார்ச்சில் ஒரு சனி ஞாயிறில் எழுதி, இலவசமாக விட்டுவிட்டான். இரண்டும் இரண்டும் நாலு, நாலும் நாலும் எட்டு என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். நாள் முழுக்க இன்வாய்ஸ் கூட்டிவிட்டு ஓய்வு நேரத்திலும் கூட்டல் போடுகிறவர்களை என்ன செய்வது? வேர்டில் (Wordle) என்ற சொல் விளையாட்டு நமக்கு உதவாது. நாளுக்கு ஒரு சொல்தான், நம் சர்வர் அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்காது. வண்ணாரப்பேட்டை பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக் காசு கொடுத்து ஆடிய பழைய ஆட்டங்களைத் தேடுகிறவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்: அவற்றை ஓட்டிய ஃபிளாஷுக்கு 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி மூடுவிழா நடத்திவிட்டது.

மேனேஜர் வந்தால் ஆல்ட், டேப். பிடிபட்டால், சாலிடேர் ஆடியதாகச் சொல்லிவிடுங்கள். 1990இல் விண்டோஸ் 3.0வோடு அது வந்ததே, மவுஸால் பிடித்து இழுத்துப் போட ஜனங்கள் பழகட்டும் என்றுதான். அந்தப் பயிற்சி நம் ஆபீஸ்களில் இன்னும் முடியவில்லை.

ஆலைத் தொழிலாளிகளுக்கு என்னிடம் யோசனை இல்லை. எண்ணெயும் கேஸும் கையாளும் இடங்களில் போன் கேட்டோடு நின்றுவிடும், தீப்பொறி சமாச்சாரம். நைட் ஷிஃப்ட்டில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் டீயை ஆற்றிக் குடிப்பதே பெரிய ஆட்டம்.

காசிமேட்டுக்காரர்களுக்கு இடைவேளையை அரசாங்கமே கொடுக்கிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலம். வலையைப் பழுது பார்த்து, படகுக்குப் பெயின்ட் அடித்த பிறகும் மிஞ்சுகிற சாயங்காலங்களை டைனோசரால் தாங்க முடியாது. அதற்குத்தான் தெருமுனையில், தொங்கும் பல்புக்கு அடியில் கேரம் போர்டு. லோடிங் ஆகாது, சார்ஜ் இறங்காது. “ரெண்டு டீ சொல்லேன்பா” என்பதைத் தவிர நடுவில் வேறு விளம்பரமும் வராது. இதையும் பொழுதுபோக்கு என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். இரண்டு முறை உலகச் சாம்பியனாகி 1996இல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரில் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிவந்தார். தமிழக அரசு 1 கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. டைனோசர் எத்தனை புள்ளி எடுத்தும் யாருக்கும் பத்துக் காசு கொடுத்ததில்லை. அதைவிடப் பெரிய குறை, அது சண்டைக்கு வராது. “மச்சி, கை கோட்டைத் தாண்டுது பாரு” என்று எதிரில் ஒருத்தன் கத்தாத ஆட்டம் என்ன ஆட்டம்?

இலவசம் என்ற சொல்லிடம் மட்டும் கொஞ்சம் உஷார். விளையாட்டுச் சாமான் எங்கே போய் நிற்கும் என்று திருவொற்றியூருக்கு நன்றாகத் தெரியும். 1946இல் மாம்மன் மாப்பிள்ளை அங்கே பொம்மை பலூன் செய்யக் கொட்டகை போட்டார். அது எம்ஆர்எஃப் ஆகி லாரி டயரில் வந்து நின்றது. இலவச ரம்மியும் இப்படிப் பெரிதாகக் கூடியதுதான், பெரிதாவது நம் கடன். பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பூட்டுப் போட 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு விதி கொண்டுவந்தது. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை அடியோடு தடை செய்து சட்டம் போட்டது. சட்டம் வந்தாலும் வாட்ஸ்அப்பில் லிங்க் வருவது நிற்காது. ஐந்து நிமிட ஆட்டம் உங்கள் யுபிஐ பின்னைக் கேட்டால் மூடிவிடுங்கள். பணம் போய்விட்டதென்றால், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் மறைக்காமல், உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் அடியுங்கள்.

கடைசியாக, நிறுத்துவது எப்படி என்பது. முன்வண்டியின் பிரேக் லைட் அணைந்ததும் போனைக் கவிழ்த்து வையுங்கள், டைனோசர் கள்ளியில் முட்டிச் சாகட்டும். புள்ளியைப் பார்த்துவிட்டு வைக்கலாம் என்று தாமதித்தால், அந்தச் சந்தில் ஒரு ஷேர் ஆட்டோ புகுந்திருக்கும், பின்வண்டிக்காரர் ஹாரனில் கை வைத்திருப்பார். ஹாரனோடு சேர்த்து அவர் சொல்வதை அச்சில் போட முடியாது.